‘நாம் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார்’: ஆயுத ஏற்றுமதியில் ஒரு பாதி உண்மை

கேள்வி இதுதான்: ஒரு நாட்டுக்குப் போர் விமானமோ ஏவுகணையோ தேவைப்பட்டால், நல்ல பொருள் எங்கே நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அங்கே வாங்கிக்கொள்ளலாமே, அதற்கு ஏன் தடை, மிரட்டல், தூதரைத் திருப்பி அழைப்பது என்று இவ்வளவு அரசியல்? கூடவே இன்னொன்று: பொதுமக்கள் மேல் குண்டு போடும் நாட்டுக்கும் ஆயுதம் விற்கிற அரசுகள், ‘நாங்கள் நிறுத்தினால் ரஷ்யாவோ சீனாவோ அந்த இடத்தைப் பிடித்துவிடும்’ என்கின்றனவே, அது உண்மையா?

இரண்டாவதற்கான என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆயுதங்களைப் பொறுத்தவரை, முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அந்த வாதம் உண்மை. கையெழுத்தான பிறகு பல ஆண்டுகளுக்கு அது பெரும்பாலும் பொய். ஏன் என்று புரிந்தால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரு போர் விமானம் படையில் சேர்ந்தால் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருக்கும். அவ்வளவு காலமும் அதற்கு உதிரிபாகம் வேண்டும், எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட வேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், அதில் பொருந்துகிற ஏவுகணைகளையும் குண்டுகளையும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விமானிகளும் பராமரிப்புப் பணியாளர்களும் அந்த ஒன்றில்தான் பழகியிருப்பார்கள். வாங்கிய விலையைவிட, ஆயுள் முழுக்க ஓட்டிப் பராமரிக்கிற செலவுதான் பெரிது. ஆகவே விற்ற நாட்டின் சம்மதம் ஒருமுறை கிடைத்தால் போதாது, ஆண்டுதோறும் வேண்டும். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதில்தான் விற்பவரின் அதிகாரம் இருக்கிறது.

ஈரானைப் பாருங்கள். மன்னர் ஷாவின் காலத்தில் அது அமெரிக்காவிடமிருந்து 79 எஃப்-14 விமானங்களைப் பெற்றது. அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த போர் விமானங்களில் ஒன்று அது. 1979 புரட்சிக்குப் பிறகு உதிரிபாகங்கள் நின்றன. அடுத்த ஆண்டே ஈராக் படையெடுத்தபோது, ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றைப் பறக்க வைக்கும் நிலைமை. அமெரிக்காவை முதல் எதிரி என்று அறிவித்த அதே அரசு, 1985-86 இல் அமெரிக்காவிடமே ரகசியமாக ஏவுகணைகளையும் உதிரிபாகங்களையும் வாங்கியது. ஈரான்-கான்ட்ரா விவகாரம் என்று பின்னால் வெடித்தது அதுதான்.

பாகிஸ்தானுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. அது அணு ஆயுதம் வைத்திருக்கவில்லை என்று அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் சான்று அளித்தால்தான் ராணுவ உதவி என்று பிரெஸ்லர் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டம் சொன்னது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இருந்தவரை சான்று தாராளமாகக் கிடைத்தது. அவர்கள் வெளியேறிய அடுத்த ஆண்டு, 1990 அக்டோபரில், சான்று நின்றது. பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்ட 28 எஃப்-16 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றுக்காகப் பாகிஸ்தான் பல கோடி டாலர் கட்டியிருந்தது. பணமும் இல்லை, விமானமும் இல்லை என்று ஆண்டுகள் ஓடின.

விற்றவரின் பிடி வாங்கியவரோடு முடிவதும் இல்லை. 2022 இல் ஜெர்மனி உக்ரைனுக்கு கெபார்ட் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொடுத்தது. அதற்கான குண்டுகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஜெர்மனியிடமே கையிருப்பில் இருந்தன, ஆனால் அவை சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. போரில் இருக்கும் நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சுவிஸ் அரசு மறுத்துவிட்டது. நடுநிலை என்ற தன் கொள்கைப்படி அவர்கள் செய்தது சரியாகவே இருக்கட்டும். ஆனால் விளைவு என்ன? ஜெர்மனியில் ரைன்மெட்டால் நிறுவனம் அந்தக் குண்டுகளைச் சொந்த மண்ணிலேயே தயாரிக்கத் தொடங்கியது. சுவிஸ் ஆயுதத்தை நம்பி வாங்கலாமா என்று ஐரோப்பிய ராணுவங்கள் வெளிப்படையாகவே கேட்டன.

இன்னும் ஆழத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, செய்திகளில் அதிகம் வராதது. நீங்கள் ஸ்வீடனிடம் விமானம் வாங்குவதாக நினைத்தால் அதன் எஞ்சின் அமெரிக்காவினுடையதாக இருக்கும். 1978 இல் ஸ்வீடன் தன் விக்கன் விமானத்தை இந்தியாவுக்கு விற்கப் பார்த்தபோது, எஞ்சினில் தங்கள் தொழில்நுட்பம் இருக்கிறது என்று கார்ட்டர் அரசு தடுத்தது. இந்தியா ஜாகுவாருக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு, இஸ்ரேல் தன் கிஃபிர் விமானங்களை எக்வடோருக்கு விற்க இருந்ததையும் அதே காரணத்தால், ஜே79 எஞ்சின் தங்களுடையது என்று சொல்லி, அமெரிக்கா நிறுத்தியது. ஸ்வீடனின் இன்றைய கிரிப்பன் விமானத்திலும் இருப்பது அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்தான். துருக்கி ‘சொந்த டாங்கி’ என்று அறிவித்த ஆல்டாய் ஜெர்மன் எஞ்சினையும் கியர்பெட்டியையும் நம்பியிருந்தது. ஜெர்மனி தராமல் போனதும் திட்டம் ஆண்டுக்கணக்கில் தேங்கியது, கடைசியில் தென் கொரியா உதவிக்கு வந்தது. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் தாமதமானதற்கும் அமெரிக்க எஞ்சின் நேரத்துக்கு வராதது ஒரு முக்கியக் காரணம். அங்கே தடை எதுவும் கிடையாது, தொழிற்சாலைத் தாமதம் மட்டுமே. அதற்கே ஒரு விமானப்படை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, விற்பவரிடம் இவ்வளவு பிடி இருந்தால் வாங்குகிறவர்கள் எப்போதும் அடங்கித்தானே இருக்க வேண்டும்? இல்லை. பிடியை ஒருமுறை இறுக்கினால் அது பலிக்கும். ஆனால் இறுக்கப்பட்டவர் அந்த வலியை மறப்பதில்லை, வேறு வழி தேடுவார். அந்த வழியில் ஒரு புதிய விற்பனையாளர் பிறப்பார். ஐம்பதுகளிலிருந்து இன்றுவரை ஆயுதச் சந்தையின் வரலாறே பெரும்பாலும் இந்த ஓட்டம்தான்.

1950 இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் மத்தியக் கிழக்குக்கு ஆயுதம் போவதைத் தங்களுக்குள் கட்டுப்படுத்திக்கொள்வது என்று அறிக்கை விட்டன. மூன்று பேரைத் தவிர வேறு யாரும் விற்காதவரை அது வேலை செய்தது. 1955 இல் எகிப்தின் தலைவர் நாசர் செக்கோஸ்லோவாக்கியா வழியாக சோவியத் ஆயுதம் வாங்குவதாக அறிவித்தார். ஏற்பாடு அன்றே செத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்கா திரும்பப் பெற, ஒரு வாரத்தில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிறகு அதே எகிப்து எழுபதுகளில் மாஸ்கோவோடு மனம் கசந்தது. 1972 இல் நாசருக்குப் பின் வந்த அதிபர் சாதாத் சோவியத் ஆலோசகர்களை வெளியேற்றினார், தசாப்தம் முடிவதற்குள் அமெரிக்க முகாமுக்கு மாறினார். இஸ்ரேலோடு சமாதானத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 130 கோடி டாலர் அமெரிக்க ராணுவ உதவி என்பது பல தசாப்தங்களாக நீடிக்கும் ஏற்பாடு. ஒரு நாடு கட்சி மாறியதை அதன் டாங்கிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலை அங்கே இருந்தது.

1965 போரில் அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. அமெரிக்க ஆயுதத்தை அதிகம் நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி பலம். அது சீனாவின் பக்கம் திரும்பியது. இந்தியா சோவியத்தோடு இன்னும் நெருங்கியது. அந்த முடிவின் நிழல் இன்னும் நீங்கவில்லை: ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, 2020-24 இல் பாகிஸ்தானின் பெரிய ஆயுத இறக்குமதியில் 81 சதவீதம் சீனாவிலிருந்து வந்தது.

1967 இல் பிரெஞ்சு அதிபர் டி கோல், இஸ்ரேல் பணம் கட்டியிருந்த 50 மிராஜ்-5 விமானங்களைத் தர மறுத்தார். இஸ்ரேல் அமெரிக்க ஃபாண்டம் போர் விமானங்களுக்கு மாறியது, கூடவே தானே விமானம் செய்யத் தொடங்கி, இன்று உலகின் முன்னணி ஆயுத ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக நிற்கிறது. 2020 இல் நாகோர்னோ-கராபாக் போரில் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களில் தங்கள் கேமரா இருக்கிறது என்று கனடா ஏற்றுமதியை நிறுத்தியது. துருக்கி உள்நாட்டு அசெல்சான் நிறுவனத்தின் கேமராவைப் பொருத்தி, ட்ரோன்களை முன்பைவிட அதிகமாக விற்றது. ஆயுதம் தாங்கிய ட்ரோன்களை நெருங்கிய நட்பு நாடுகளுக்கு மட்டும் என்று அமெரிக்கா பல ஆண்டு வைத்திருந்தபோது, ஐக்கிய அரபு அமீரகமும் சவூதியும் ஈராக்கும் சீன ட்ரோன்களை வாங்கின.

இங்கே இலங்கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று அதுதான். உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டுகளில் இந்தியா ரேடார் போன்றவற்றைக் கொடுத்தது, தாக்குதல் ஆயுதங்களைத் தர மறுத்தது. அமெரிக்காவும் ராணுவ உதவியை வெட்டியது. கொழும்பு சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் போனது. அதற்கு முன்பே இஸ்ரேலின் கிஃபிரும் உக்ரைன் வழியாக வந்த மிக்-27 உம் அதன் கையில் இருந்தன. ஆயுதத்துக்காகச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகக்கூடாது என்று 2007 இல் இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். அது எதையும் மாற்றவில்லை. 2009 இல் வன்னியில் சிக்கிக்கொண்ட மக்களுக்கு, குண்டு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை.

இதை நான் மழுப்ப விரும்பவில்லை. பீரங்கிக் குண்டு, பல்குழல் ராக்கெட், துப்பாக்கி, பழைய சோவியத் மாதிரி விமானம் போன்றவற்றுக்குச் சந்தையில் விற்பவர்கள் ஏராளம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்திவிடும். அங்கே ‘வேறொருவர் விற்பார்’ என்பது பெரும்பாலும் உண்மை, ஒரு நாடு தனியாக நிறுத்துவது பலிக்காது. நவீனப் போர் விமானம், வான் பாதுகாப்பு அமைப்பு, நீர்மூழ்கிக் கப்பல் என்று சிக்கலான பொருள்களுக்குப் போகும்போதுதான் கதை மாறுகிறது.

நட்பு நாடுகளுக்குள்ளேயே ஏன் இவ்வளவு கசப்பு என்பதற்கு வருகிறேன். 2016 இல் ஆஸ்திரேலியா 12 நீர்மூழ்கிகளுக்குப் பிரான்சைத் தேர்ந்தெடுத்தது, ஜெர்மனியும் ஜப்பானும் தோற்றன. 2021 செப்டம்பரில் அந்த ஒப்பந்தத்தை முறித்து, ஆக்கஸ் என்ற பெயரில் அமெரிக்கா, பிரிட்டனோடு அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கு மாறுவதாக அறிவித்தது. அப்போது திட்டத்தின் மதிப்பு சுமார் 9,000 கோடி ஆஸ்திரேலிய டாலர். பிரான்ஸ் தன் தூதர்களை வாஷிங்டன், கான்பெரா இரண்டிலிருந்தும் திருப்பி அழைத்தது. அமெரிக்காவிலிருந்து அது தூதரைத் திருப்பி அழைத்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. பிறகு ஆஸ்திரேலியா 55.5 கோடி யூரோ இழப்பீடு கொடுத்தது.

பணம் மட்டும் போனதால் வந்த கோபம் அல்ல இது. பிரான்ஸ் போன்ற நடுத்தர நாடு அமெரிக்காவைச் சாராமல் சொந்தமாக விமானமும் நீர்மூழ்கியும் செய்ய வேண்டுமென்றால், சொந்தப் படை வாங்குவது மட்டும் போதாது. தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்க வெளிநாட்டு ஆர்டர் வேண்டும். பிரான்சின் ரஃபேல் போர் விமானத்துக்கு 2015 வரை வெளிநாட்டில் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. தயாரிப்பு நிற்காமல் இருக்கப் பிரெஞ்சு அரசே ஆண்டுக்கு 11 விமானம் என்ற கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு எகிப்து, கத்தார், இந்தியா, கிரீஸ், 2021 இல் அமீரகத்தின் 80 விமானம் என்று வரிசையாக வந்தன. ஏற்றுமதி இல்லையென்றால் பிரான்சின் சுயேச்சையான வெளியுறவுக் கொள்கைக்கு அடித்தளமே இருக்காது. அமெரிக்காவின் நிலை வேறு. அதன் சொந்தப் படையே பெரிய வாடிக்கையாளர். அதற்கு ஏற்றுமதி என்பது கூட்டணியை ஒட்டவைக்கும் பசை. 1975 இல் பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே நான்கும் பிரெஞ்சு மிராஜை விட்டு எஃப்-16 ஐ எடுத்த நாளிலிருந்து இந்தப் போட்டி ஓயவில்லை.

வாங்குகிறவர்களும் விவரமானவர்கள்தான். பல இடத்தில் வாங்கினால் யாரும் முழுசாகக் கழுத்தைப் பிடிக்க முடியாது என்பது இந்தியாவின் நீண்டகாலக் கணக்கு. சிப்ரி கணக்கில் 2010-14 இல் இந்திய இறக்குமதியில் 72 சதவீதமாக இருந்த ரஷ்யாவின் பங்கு 2020-24 இல் 36 ஆனது. பிரான்ஸ் 33 சதவீதத்தோடு அதை நெருங்கிவிட்டது. இதற்கு ஒரு விலை உண்டு: சுகோய், மிக்-29, மிராஜ், ஜாகுவார், ரஃபேல், தேஜஸ் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கிடங்கு, தனிப் பயிற்சி, தனி ஆயுதம். இந்தச் செலவைச் சுதந்திரத்துக்குக் கட்டும் சந்தா என்றே நான் பார்க்கிறேன்.

காட்சா என்ற 2017 அமெரிக்கச் சட்டம், ரஷ்யாவிடம் பெரிய ஆயுதம் வாங்குபவர்கள் மேல் பொருளாதாரத் தடை போட வழி செய்தது. மூன்று நாடுகள் ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பை வாங்கின, மூன்றுக்கும் மூன்று கதி. சீனாவின் ராணுவக் கொள்முதல் துறை மேல் 2018 இல் தடை. நேட்டோ உறுப்பினரான துருக்கி 2019 ஜூலையில் அதைப் பெற்றதும் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. நூறு விமானம் வாங்குவதாக இருந்த நாடு அது, அந்த விமானத்தின் நூற்றுக்கணக்கான பாகங்களைச் செய்து கொடுத்த நாடும்கூட. 2020 டிசம்பரில் தடையும் வந்தது. 2018 அக்டோபரில் 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்ட இந்தியா மேல் மட்டும் எதுவும் வரவில்லை. சட்டம் ஒன்றேதான். ஆசியாவில் சீனாவுக்கு எதிரே இந்தியா வேண்டும் என்ற கணக்கு அதை வளைத்தது. இந்தோனேசியாவுக்கு அந்தப் பலம் இல்லை. 11 சுகோய்-35 வாங்கும் திட்டத்தைக் கைவிட்டு 42 ரஃபேலுக்குப் போனது.

ரஷ்யாவின் ஏற்றுமதி 2015-19 ஐ ஒப்பிட்டால் 2020-24 இல் 64 சதவீதம் சரிந்தது. உக்ரைன் போருக்குத் தன் ஆலைகளே தேவைப்பட்டதும், தடைகளும், வாடிக்கையாளர்களின் பயமும் சேர்ந்தன. காலியான இடத்தில் யார் வந்தார்கள் என்று பார்த்தால் தென் கொரியா கண்ணில் படும். 2022 இல் போலந்து தன் பழைய டாங்கிகளை உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டு அவசரமாக வேறு தேடியது. கொரியா ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டு டிசம்பரில் முதல் கே-2 டாங்கிகளையும் கே-9 பீரங்கிகளையும் இறக்கியது. கடனும் கொடுத்தது. அந்தக் கடனுக்காகத் தன் ஏற்றுமதி வங்கியின் மூலதன வரம்பையே சட்டம் போட்டு உயர்த்தியது. வேகமும் கடனும் தொழில்நுட்பப் பகிர்வும் தந்தால், சற்றுக் குறைந்த பெயருள்ள பொருளும் விற்கும்.

லஞ்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீட் லஞ்சம் கொடுத்த விவகாரத்தில் 1976 இல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனகா கைதானார். 1987 இல் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் வெடித்து, 1989 தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சியை இழக்க ஒரு காரணமானது. சவூதியோடான அல்-யமாமா ஆயுத ஒப்பந்தத்தின் மேல் நடந்த விசாரணையை 2006 இல் பிரிட்டன் தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தியது. விலை ரகசியம், வாங்குவது ஒரு சிலர், தொகை பிரமாண்டம். இந்த மூன்றும் சேரும் இடத்தில் கமிஷன் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லாரும் சேர்ந்து கட்டுப்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். முயன்றார்கள். குவைத் போருக்குப் பிறகு, சதாமுக்கு ஆயுதம் விற்றது யாரென்று உலகம் கேட்டபோது, பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் 1991 இல் பாரிசிலும் லண்டனிலும் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தேர்தல். 1992 செப்டம்பரில் மூத்த புஷ், எஃப்-16 ஆலை இருந்த டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்தில், தொழிலாளர்கள் முன் நின்று தைவானுக்கு 150 விமானம் விற்பதாக அறிவித்தார். சீனா பேச்சுவார்த்தையை விட்டு வெளியேறியது. ஒரு ஊரின் வேலைவாய்ப்பு, ஒரு தேர்தல், போதும், முயற்சி முடிந்துவிட்டது. 2014 இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக ஒப்பந்தம், இனப்படுகொலைக்குப் பயன்படும் என்று தெரிந்தே விற்கக்கூடாது என்கிறது. ரஷ்யாவும் இந்தியாவும் அதில் சேரவில்லை, அமெரிக்கா கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. உறுதிசெய்த பிரிட்டனும் பிரான்சும் ஏமன் மேல் குண்டு விழுந்த ஆண்டுகளில் சவூதிக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தன.

ஏமனில்தான் அந்தப் பாதி உண்மை எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. 2015 மார்ச் முதல் சவூதி கூட்டணி அங்கே குண்டு வீசியது. 2018 ஆகஸ்டில் தஹ்யான் ஊரில் பள்ளிச் சுற்றுலா போன பேருந்தின் மேல் விழுந்த குண்டில் நாற்பது சிறுவர்கள் இறந்தார்கள். சவூதியின் தாக்குதல் விமானங்கள் எஃப்-15, டைஃபூன், டொர்னாடோ. அதாவது அமெரிக்காவும் ஐரோப்பாவும். ரஷ்ய, சீன விமானத்துக்கு மாற வேண்டுமென்றால் விமானியிலிருந்து குண்டு வரை எல்லாம் புதிதாக வேண்டும், பத்தாண்டு வேலை. அங்கே ‘நாங்கள் நிறுத்தினால் வேறொருவர் வருவார்’ என்பது அடுத்த மாதத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ பொருந்தாத பேச்சு. 2018 இல் சவூதிப் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்ட பிறகு ஜெர்மனி சவூதிக்கான ஏற்றுமதியை நிறுத்தியது. பிரிட்டன் சவூதிக்கு விற்ற டைஃபூனில் ஜெர்மன் பாகங்கள் உண்டு. சில மாதத்திலேயே, 2019 தொடக்கத்தில், ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் தவிக்கிறோம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜெர்மன் அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாடு தன் பங்கை நிறுத்தியதற்கே அவ்வளவு வலி. அமெரிக்க நாடாளுமன்றம் அதே ஆண்டு விற்பனையைத் தடுக்கத் தீர்மானங்கள் போட்டது, டிரம்ப் வீட்டோ செய்தார். நிறுத்த முடியாமல் இல்லை, நிறுத்த மனமில்லை.

இந்தப் பிடி என்றென்றும் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2030 க்குள் ராணுவச் செலவில் பாதியை உள்நாட்டிலேயே செய்வது என்று சவூதி இலக்கு வைத்திருக்கிறது. 2023 இல் துருக்கியின் அகின்ஜி ட்ரோன்களை உள்நாட்டுத் தயாரிப்புப் பங்கோடு வாங்க ஒப்பந்தம் போட்டது. இருந்தாலும் அகின்ஜியில் பலவற்றில் இருப்பது உக்ரைன் எஞ்சின். ஆகவே ரியாத் கேட்க வேண்டிய அனுமதி இன்னும் தீரவில்லை, கேட்கிற இடம் மட்டும் வாஷிங்டனிலிருந்து அங்காராவுக்கும் கீவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.